நீங்கள் போட்ட தொப்பி சரியில்லை

இணையப் பாட்டை ஸ்பீக்கரில் பாடவைக்கும் பெட்டியை நானே கட்டுகிறேன். சின்னக் கணினிப் பலகையின் தலையில் சத்தத்துக்கென்று இன்னொரு பலகையைச் செருக வேண்டும். இங்கிலீஷில் அது ஹேட், நம் தமிழில் தொப்பி.

கடை முதலாளியே போட்டுத் தந்த தொப்பி ஊமை. இன்று மாலை பாட்டுக் கேட்க எங்கள் தெமோதரைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளெல்லாம் காத்திருக்கின்றன. பதுளைக் கடையில் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொன்னேன்.

"மொதலாளி, நீங்க போட்ட தொப்பி சரியில்ல!"

"யாருக்குய்யா தொப்பி போட்டேன்? நான் ஏமாத்துக்காரனா?"

சட்டையைப் பிடித்து ஒரு குத்து. என் வாயெல்லாம் இரத்தம். நான் விட்ட அறையில் முதலாளி, கண்ணாடி அலமாரி, விலக்க வந்த நாலு பேர் எல்லாம் தரையில்.

தொப்பி என்றால் பலகை என்று நான் விளக்கியதும், முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டே வேறு தொப்பி தந்தார்.

வீட்டில் செருகினேன். அதுவும் ஊமை. அப்படியானால் அடிப்பலகைதான் செத்திருக்கிறது. மறுபடி அதே கடைக்குப் போகிறேன்.

அதற்குப் பெயர் மதர்போர்டாம். அவருடைய அம்மாவை இழுக்காமல் எப்படிக் கேட்பது? சீக்கிரம் சொல்லுங்கள், பஸ் வந்துவிட்டது.