தங்கராசா ஐயாவின் மேசையில் இருந்த செப்புக் காசு

அந்த உறையைப் பிரித்தபோது அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்: தங்கராசா ஐயாவின் மனைவி செல்லம்மா அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி, என் கணவர், நான். தபாற்கந்தோரில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் மாத்தளையிலேயே தங்கிவிட்ட ஐயா காலமான செய்தியை நானும் கணவரும் வீதியில் ரொட்டி விற்கும் பாண்காரர் சொல்லித்தான் அறிந்தோம். எட்டாம் நாள் சடங்கு முடிந்து மேசையை ஒழுங்குபடுத்தும்போது அந்த உறை அகப்பட்டது.

உள்ளே ஓர் அமெரிக்கச் செப்புச் சதம். நம் ரூபாய் நாணயக் குற்றியைவிடச் சற்றுப் பெரியது. உறையின்மேல் ஐயாவின் கையெழுத்து: "நல்ல காசு. துடைக்க வேண்டாம். நேரில் சொல்ல வேண்டும்." பெயர் இல்லை.

"அத்தான்ரை காசுதானே அக்கா? கொழும்பிலை வித்தால் உனக்குத்தான் உதவும்" என்றார் தம்பி.

"அவர் மதிச்சுச் சொல்லுற காசை ஒருநாளும் தான் வாங்கினவரில்லை. இது வேறை ஆரின்ரையோ."

அக்கா சொன்னது சரி. மிளகு, கொக்கோ வியாபாரம் செய்த குடும்பங்களின் பழைய பெட்டிகளில் இத்தகைய காசுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். மதிப்புக் கேட்டுக் கொண்டுபோனால், ஐயா அவற்றைக் காலை வெளிச்சத்தில், விளிம்பை மட்டும் பிடித்துப் பார்ப்பார். முதலில் பெண் தலையின் காதுக்கு மேலே முடி இழை இழையாகத் தெரிகிறதா, பிறகு மறுபுறத்து இலை வளையம், கடைசியில் பூதக்கண்ணாடி வைத்து ஆண்டின் இலக்கங்களை யாராவது செதுக்கி மாற்றியிருக்கிறார்களா என்று. குறையைச் சொன்ன பிறகுதான் விலையைச் சொல்வார்.

என் வாப்பாவின் பெட்டியில் ஐந்து காசுகள் இருந்தன. நோன்புக்கு வீடு கழுவிய கையோடு, செப்புக் குடங்களுடன் சேர்த்து அவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து ஐயாவிடம் கொண்டுபோனேன். ஐயா காசுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊத்தையா இருந்திச்சிங்க ஐயா. பெரிய மனுசர்கிட்ட அப்புடியே கொண்டாறதான்னுதான்..."

"தங்கச்சி, நூறு வருசமாய்ச் செம்பு போட்டிருந்த சட்டையை ஒரு காலமையிலை உரிஞ்சு போட்டியளே! கைபட்டுத் தேய்ஞ்ச காசை மன்னிக்கலாம், மினுக்கின காசை மன்னிக்கேலாது." பத்தில் ஒரு பங்கு விலையும் தேறாது என்றார். பிறகு சிரித்தார். "இனிக் குடத்தோடையே வைச்சிருங்கோ. அதுகளும் வெக்கப்படாமல் இருக்கும்."

இன்னொன்று என் கணவர் கண்டது. நாவுலவிலிருந்து ஒரு விவசாயி கொண்டுவந்த காசை ஐயா பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த யட்டவத்த ஊர் வியாபாரி குனிந்து, "கொஞ்சம் மட்டம்னு சொல்லிடுங்க ஐயா. நான் வாங்கிக்கிறேன், உங்களுக்கும் பங்கு தாறேன்" என்றாராம். ஐயா விவசாயியைக் கிட்ட அழைத்து, நல்ல விலையைச் சிங்களத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் உரக்கச் சொன்னார். பிறகு வியாபாரியிடம், "உங்களுக்கும் கேட்டதுதானே?" என்றார்.

இதை என் கணவர் சொல்லக் கேட்ட தம்பி பிறகு விற்கும் பேச்சை எடுக்கவில்லை. உரியவரைத் தேடிக் கொடுக்கும்படி காசை அக்கா என்னிடம் ஒப்படைத்தார். எங்கள் மார்க்கத்தில் இதை அமானிதம் என்போம். நம்பி ஒப்படைக்கப்பட்ட, மறுமையில் பதில் சொல்ல வேண்டிய பொருள்.

ஐயாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, குறையை முதலில் சொல்லும் பழக்கம். மிளகு விற்கும்போதும் ஈரத்தைத்தான் முதலில் சொல்கிறேன். என் கணவர் ஏசத்தான் செய்கிறார்.

காசின் ஆண்டையும் அதிலுள்ள ஓர் அடையாளத்தையும் வேண்டுமென்றே நான் இங்கே எழுதவில்லை. கொடுத்தவருக்கு அவை தெரிந்திருக்கும். இந்த மாத முடிவில் அக்கா யாழ்ப்பாணம் போகிறார். அதற்குமுன் அது உரியவர் கையில் சேர்ந்ததைப் பார்க்க விரும்புகிறார். காசைக் கொடுத்தவரோ, கொடுத்ததைக் கண்டவரோ இதைப் படித்தால், அந்த இரண்டையும் குறிப்பிட்டுத் தயவுசெய்து உடனே எனக்குப் பதில் எழுதுங்கள்.