சுத்தமான எச்சில்

ஒன்றேகால் வருடம் இருமினேன். தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். பேசினால் இருமல், சிரித்தால் இருமல், சும்மா நின்றாலும் இருமல். ஒரு பீரியடுக்கு நாற்பத்தொன்று என்று ஒருத்தி பெஞ்சில் எழுதி வைத்திருந்தாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆஸ்துமாவும் இல்லை என்றார்கள். வியாதியே இல்லையென்றால் இருமல் எதற்கு என்று நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி, அதனாலேயே எரிச்சலாக இருந்தது. அவர் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, வீடு அணுபுரத்தில். "டிபியா இருந்தா குழந்தைக்கு ஒட்டிக்கும். சரியாகுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று ஒன்பது மாதமே ஆன என் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். என் கணவர் துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியில் சளி பரிசோதிக்க ஒரு டப்பா கொடுத்தார்கள். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். நான் பிறந்தது கோயில் மடப்பள்ளி வேலை பார்த்த குடும்பத்தில். எச்சில் கை பட்டால் சொம்பையே புளி போட்டுத் தேய்ப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் காறித் துப்பி நான் பார்த்ததில்லை. சளி வந்தால் விழுங்கிவிடுவோம். அதனால் பல் தேய்த்து, நான்கு முறை வாய் கொப்பளித்து, தெளிந்த எச்சிலாகப் பார்த்து டப்பாவில் விட்டேன். டப்பாவின் வெளிப்புறத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்று நாள், மூன்று டப்பா. ஒன்றும் இல்லை என்று சீட்டு வந்தது. நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "இருமல் நிக்கலையே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் திருக்கழுக்குன்றம் வழியாக அணுபுரம் போவேன். வாசலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். நாற்காலி போட்டாலும் உட்கார மனம் வராது. பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஸ்டாப்பில் போய் நிற்பேன். மகள் நடக்க ஆரம்பித்ததை ஃபோனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாகப் போன நெஞ்சு டாக்டரும் சளிதான் கேட்டார். பழைய மாதிரியே கொண்டுபோனேன். அங்கிருந்த ஆயா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வாய் கொப்புளிச்ச தண்ணியக் கொண்டாந்துகீற? நெஞ்சுல கீற சளிய இல்ல கேட்டாரு."

"அது அசிங்கமில்லையா?"

"அந்த அசிங்கந்தாம்மா வோணும். நல்லாக் காறித் துப்பு, நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

உப்புத் தண்ணீர் ஆவியை இழுக்க வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பினேன். இரண்டு நாள் கழித்து டாக்டர் சொன்னார்: "டிபி இல்ல. ஆஸ்துமா இல்லாமலே சில பேருக்கு மூச்சுக்குழாய் உள்பக்கம் புண்ணாட்டம் வீங்கியிருக்கும். அலர்ஜியில வர்ற அணுக்கள் உங்க சளியில நிறைய இருக்கு. இது யாருக்கும் ஒட்டாது. முன்னாடியே சளி கிடைச்சிருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருக்கலாம்."

வாயில் வைத்து மூச்சோடு இழுக்கும் மருந்து கொடுத்தார். மூன்றே வாரத்தில் இருமல் நின்றது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு என்மேல் ஆத்திரம்தான் வந்தது.

அந்த ஞாயிறு நாத்தனார் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். "அம்மா வந்திருக்கா பாரு" என்று அவர் இறக்கிவிட்டார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு அவர் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் அவள் கையைப் பிரித்துவிடப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"விடுங்கக்கா, பழகட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அணுபுரத்துக்குப் பஸ் ஏறினேன். நான்காவது மாதம் ஒரு சாயங்காலம் என் மடியில் படுத்துத் தூங்கினாள். தூக்கத்தில் புரண்டு, என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை" என்றாள்.