பிரான்சுக்குப் போன ஐந்து கிலோ அரிசி

என் கணவர் வேலைக்குத் திரும்பிப் போவதா, நேரத்தோடு ஓய்வூதியம் எடுப்பதா என்று தீர்மானிப்பதற்காக நாங்கள் சைக்கிளில் பிரான்சுக்குப் போனோம். மற்றவர்கள் இதற்கு டொக்டரிடம் போவார்கள். அவரும் போனார். வீட்டு டொக்டர், தொழிற்சாலை டொக்டர், இதயத்துக்கென்று இருக்கிற டொக்டர் என்று மூன்று பேர் பார்த்து மூன்று விதமாகச் சொன்னதில் அவருக்கு மூவரிலும் நம்பிக்கை விட்டுப்போயிற்று.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹம் நகரத்தில். அவர் அங்கே ஒரு கம்பித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். மாரிகாலத்தில் நெஞ்சுக்குள் நொந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, மூன்று மாதம் வீட்டில் இருந்தார். ஓய்வூதியத்துக்கான அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், குசினி மேசையில் பழத்தட்டுக்குக் கீழே கிடந்தது. அடுத்த புதன்கிழமை தொழிற்சாலையில் டெர்மின், நேரில் போய்ப் பேசக் குறித்த நாள். அன்றைக்கு அவர் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பயம். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. நேற்று காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் கட்டிலை இன்று காலையில் மடித்து வைத்திருக்கிறேன். இவர் இரவு வேலைக்குப் போய் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் எத்தனை நிமிடத்துக்குப் பிறகு ஆட்கள் காண்பார்கள் என்பதைத்தான் நான் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லியும் பார்த்தேன். மூன்றாவது தரம் சொன்னபோது அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "இது என்ரை உடம்பு, என்ரை முடிவு. நீர் இனி இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது" என்றார். "சரி, சொல்லமாட்டன்" என்றேன். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பீலெஃபெல்டில் இருக்கும் மகன்தான் பாதையைத் தேடித் தந்தான். எல்லையோரத்துச் சார்ப்ரூக்கனில் இருந்து ஆற்றங்கரையாலும் பிறகு கால்வாய்க் கரையாலும் பிரான்சுக்குள் போகிற பாதை. ஒரு வாகனம் வராது. ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றிய படகுகளைக் குதிரைகள் கயிற்றில் இழுத்துக்கொண்டு நடந்த பாதை. இப்போது தார் போட்டுச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். நாற்பத்தைந்து கிலோமீற்றர் போய் ஒரு கிராமத்தில் தங்கி, அடுத்த நாள் திரும்பலாம். வீட்டு டொக்டரும் ஆறுதலாகச் சைக்கிள் ஓடினால் பிழையில்லை என்றார். என் கணவர் அதைப் பரீட்சையாக்கிவிட்டார். "உம்மோடை சமனா ஓடிப் போனன் எண்டால் வேலைக்குப் போறன். ஏலாட்டி அன்ட்ராக் வைக்கிறன்." மின்சாரச் சைக்கிள் வாடகைக்கு எடுப்போமா என்று மகன் கேட்டான். மோட்டார் பூட்டினதைச் சைக்கிள் என்று சொல்லக்கூடாது என்று அவனுக்குப் பதில் வந்தது.

பரீட்சை என்றால் யாராவது வினாத்தாள் தயாரிக்க வேண்டும். பைகளைக் கட்டியது நான்.

எங்கள் ஆட்கள் இரண்டு நாள் பயணத்துக்கு இரண்டு கிழமைச் சாப்பாடு கொண்டுபோவது புதிதில்லை. பாண் விற்கிற நாட்டுக்குள்ளேயே பாண் கட்டிக்கொண்டு போவோம். சாப்பாட்டுப் பையை ஆண்கள் திறந்து பார்ப்பதும் இல்லை. இந்த இரண்டையும் நம்பித்தான் இறங்கினேன். அவருடைய சைக்கிளின் பின்பைகளில் ஐந்து கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், இரண்டு முழுத் தேங்காய், ஒரு பை வெங்காயம், ரைஸ் குக்கர் எல்லாம் வைத்தேன். அடியில் என்னுடைய சின்னக் கல்லுரலை ஒரு துவாயில் சுற்றி வைத்தேன். அரிசிக்கு ஒரு காரணம் சொல்லலாம். கல்லுரலுக்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது. என்னுடைய பைகளில் இரண்டு தலையணையும் மழைச் சட்டைகளும் வைத்தேன். வெளியில் இருந்து பார்க்க நான்கு பையும் ஒரே அளவாகப் புடைத்துக்கொண்டு நின்றன.

ஹம்மில் ரயிலுக்குள் சைக்கிளைத் தூக்கும்போது அவர் ஒருதரம் நின்றார். "என்னப்பா இது?"

"சாப்பாடு" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இளந்தாரி வயதில் சைக்கிளில் இரண்டு சாக்கு வெங்காயம் கட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடியவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். சுமை பாரம் என்று சொல்வது அவருக்கு அழகில்லை.

மூன்று ரயில் மாறி, சார்ப்ரூக்கனில் இறங்கி, மத்தியானத்துக்கு முன் ஓடத் தொடங்கினோம். பாதை மகன் சொன்னபடியே இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரம். எல்லை எந்த இடத்தில் வந்தது என்று தெரியவில்லை. ஒரு பலகை பிரெஞ்சில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் அகதி அட்டையோடு பக்கத்து மாவட்டத்துக்குப் போகவும் அனுமதி கேட்டு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். இருவருடைய பாஸ்போட்டும் என் இடுப்புப் பையில் இருந்தது. கேட்க ஆள் இல்லாதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

சார்கெமின் நகரம் தாண்டியதும் கால்வாய். படகுகளை ஏற்றி இறக்குகிற நீர்க்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும், காவல்காரர் இருந்த சின்ன வீடும். ஒவ்வொரு கதவிலும் பாதை ஓர் ஆள் உயரத்துக்கு ஏறும். எனக்கு அது தெரியவே இல்லை. மூன்றாவது கதவில் திரும்பிப் பார்த்தேன். அவர் நூறு மீற்றர் பின்னால். ஆறாவது கதவில் அவரைக் காணவில்லை.

நின்றேன். வந்து சேர்ந்தார். முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கே ஒரு வாங்கு இருந்தது; இருத்தினேன். கையைப் பிடித்தேன். அன்பாகப் பிடிப்பதாக அவர் நினைத்தார். நான் நாடி எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. அந்த வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் அது மோசமில்லை. ஆனாலும் இன்னொரு தரம் எண்ணினேன். இவரை வேலை கொல்லும் என்று பயந்து, கடைசியில் என்னுடைய கல்லுரல் கொல்லப் போகிறதா என்று நினைத்தேன்.

"பையை மாத்திக் கொழுவுவமே?" என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிடக் கிட்ட என்னால் வர முடியவில்லை.

"ரெண்டு சைக்கிளிலையும் ஒரே அளவு பைதானே. நீர் ஓடுறீர், எனக்கு ஏலாமக் கிடக்கு. அவ்வளவுதான்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீரும் நிண்டு நிண்டு வரவேண்டாம். உம்மடை பாட்டுக்கு ஓடும். எனக்கு உண்மை தெரியவேணும்."

ஓடினேன். மெதுவாக ஓடலாம் என்று பார்த்தால் அதற்கும் கோபித்தார். மற்ற நேரமென்றால் நான் அந்தப் பாதையை ரசித்திருப்பேன். கால்வாய் ஓரத்துக் கிராமங்களில் ஒரே கல்லறையில் தகப்பனுக்கு ஜெர்மன் மொழியிலும் மகனுக்குப் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறது. வீடு மாறாமல் நாடு மாறிய சனங்கள். அவர் வந்து சேரும்வரை நிற்க வேண்டியிருந்ததால் நான் அப்படி எத்தனையோ கல்லறைகளை ஆறுதலாக வாசித்தேன்.

தங்கிய வீட்டுக்காரி எழுபது கடந்தவர். அந்தப் பக்கத்து முதியவர்கள் பேசும் ஜெர்மன் மாதிரியான பாஷை பேசினார், பாதி விளங்கியது. அவருடைய குசினியில் சோறும் பருப்பும் வெங்காயக் குழம்பும் வைத்தேன். என் கணவர் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சூரியன் மறைய முன் படுத்துவிட்டார். நான் மிஞ்சிய அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய், குக்கர், கல்லுரல் எல்லாவற்றையும் அந்தக் குசினி அலுமாரிக்குள் அடுக்கி, உள்ளே நன்றி என்று ஒரு கடதாசித் துண்டும் வைத்தேன். என் பையில் இருந்த ஒரு தலையணையையும் மழைச் சட்டைகளையும் அவருடைய பைகளுக்கு மாற்றிப் பழையபடி புடைக்க வைத்தேன்.

காலையில் புறப்படும்போது வீட்டுக்காரி கல்லுரலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் கணவர் கேற்றடியில் குனிந்து சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம். நான் ஓடிப்போய் வீட்டுக்காரியை மறைத்து நின்றேன். இதை மறந்துவிட்டீர்களே, என்றார் மனிசி. உங்களுக்குத்தான், என்றேன். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே பக்கத்து வயல்களில் ரோமர் காலத்துச் சாமான்கள் தோண்ட வரும், இதையும் அங்கேதான் எடுத்தீர்களா, அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டுமே, என்று கவலைப்பட்டார். இல்லை, ஹம்மில் தமிழ்க்கடையில் வாங்கியது, என்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்.

"என்னவாம் மனிசி?" என்றார் என் கணவர் நிமிராமலே.

"கவனமாப் போகட்டாம்."

திரும்பும்போது அவர் பறந்தார். வேறு சொல் இல்லை. பாரமில்லாத பையோடு நான்கு நீர்க்கதவை நிற்காமல் தாண்டிப் போனார். நான்தான் பின்னால் இழுபட்டேன். சார்கெமினில் நின்று எனக்காகக் காத்திருந்தார், மூச்சு வாங்கவில்லை. இனிக் கண்டுபிடித்துவிடுவார், பையைத் தூக்கிப் பார்ப்பார் என்று பயந்தேன். அதோடு, கண்டுபிடித்தாலும் பரவாயில்லை என்றும் இருந்தது. நன்றாக இருக்கிற மனிதர், நன்றாக ஓடுகிறார் என்று சந்தோசமாகவும் இருந்தது.

"இண்டைக்கு நல்லா ஓடுறீங்கள்" என்றேன்.

"வரேக்கை இறக்கம். இதை எடுக்கேலாது. நேற்றையான்தான் கணக்கு."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பழத்தட்டை நகர்த்திவிட்டுப் படிவத்தை நிரப்பினார். எழுத்து நேராக இருந்தது. கையெழுத்து வைத்த பிறகு பேனையை மூடினார். "டொக்டர் சொன்னார், மகன் சொன்னான், வேலையிடத்திலையும் சொல்லிச்சினம். நீர் ஒருத்தர்தான் ஒண்டும் சொல்லாமல் என்னை நானே பாக்க விட்டனீர்" என்றார். "அதுக்கு நன்றி." கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு அவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தரம். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

வேலையில் இருந்து மட்டும்தான் அவரை நிறுத்த நினைத்தேன். அவர் எல்லாவற்றிலும் நின்றுவிட்டார். சைக்கிளை மகனிடம் கொடுத்தார். கடைக்குப் போனால் இரண்டு போத்தல் பாலை ஒரு கையில் தூக்குவதில்லை. மாடிப்படியில் நடுவில் ஒருதரம் நின்று மூச்சு விடுகிறார். மூச்சு வாங்குவதால் நிற்கவில்லை. வாங்கும் என்று நினைத்து நிற்கிறார். மூன்று டொக்டரும் இப்போது ஒரே குரலில் இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். டொக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார்.

ஒரு வருடம் கழிந்து, இந்த வசந்தத்தில் பொறுக்க முடியாமல் அவரை முன்னால் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய பையில் என்ன இருந்தது, எதற்காக வைத்தேன், திரும்பும்போது ஏன் அப்படி ஓடினார் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"என்ரை மனம் நோகக்கூடாது எண்டு எவ்வளவு யோசிச்சு ஒரு கதை கட்டியிருக்கிறீர்" என்றார்.