பிரபுவின் கன்னமும் பதினொரு ஓபராக்களும்

டுபிச்சே மாளிகையில் ஷிமோன் குபாட்டுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. காலையில் ஏழு மணிக்குப் பிரபுவுக்குச் சவரம் செய்வார். மிச்ச நேரத்தில் ஓபரா எழுதுவார். ஊரில் யாரிடமாவது அவரைப் பற்றிக் கேட்டால் முதல் வேலையைத்தான் சொல்வார்கள். பிரபுவின் முகம் அப்படி. சின்ன வயதில் வந்த அம்மை கன்னத்தை உழுதுபோட்ட வயலாக விட்டுப்போயிருந்தது. போதாக்குறைக்கு இடது தாடை ஓரத்தில் பட்டாணி அளவு மரு ஒன்று. ஷிமோனுக்கு முன்னால் மூன்று பேர் அந்த முகத்தில் கத்தி வைத்தார்கள். மூவரும் ஒரே மாதத்துக்குள் தோட்ட வேலைக்கு மாற்றப்பட்டார்கள்.

ஷிமோன் பிறந்தது பக்கத்துக் கிராமத்தில், பள்ளி வாத்தியார் வீட்டில். அந்தக் காலத்து பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், பள்ளி வாத்தியார்தான் கோயிலில் ஆர்கன் வாசிப்பார், பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லித்தருவார். எனவே ஷிமோனுக்கு எழுதப் படிக்க வருமுன் வயலின் வந்துவிட்டது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வட்டாரத்தில் கன்றுக்குட்டிகளுக்கு மட்டும்தான் வயலின் வராது.

பத்தொன்பது வயதில் மாளிகைக்கு வேலை கேட்டுப் போனார். அங்கே ஒரு வழக்கம். வாத்தியம் வாசிக்கத் தெரியாதவனுக்கு வேலை கிடையாது. தனியாக இசைக்குழு வைத்துச் சோறு போடப் பிரபுவுக்கு மனமில்லை. ஆனால் வருஷம் விட்டு வருஷமாவது தன் வீட்டில் ஓபரா நடக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. ஆகவே வண்டியோட்டி கொம்பு ஊதினான், பந்தி பரிமாறுகிறவர்கள் வயலின் வாசித்தார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறவன் முரசு அடித்தான், துணி வெளுக்கும் பார்போரா ராணியாகப் பாடினாள். ஷிமோன் வயலின் வாசித்துக் காட்டினார். கை நடுங்கவில்லை என்பதைப் பிரபு கவனித்தார். மறுநாள் காலை அவர் கையில் சவரக்கத்தியைக் கொடுத்தார்கள்.

இருபது வருஷத்தில் பதினொரு ஓபரா. ஒவ்வொன்றும் அந்தந்த வருஷத்து வேலையாட்களுக்கு அளவெடுத்துத் தைத்தது. வண்டியோட்டி யாகுப்புக்கு முன்பல் உடைந்த வருஷம் வந்த ஓபராவில் வேட்டைக் காட்சி இருந்தது, கொம்பு இல்லை. காவற்காரர்களில் கட்டைக்குரல் ஆசாமிகள் இரண்டு பேர் சேர்ந்துவிட்ட வருஷம் கதாநாயகிக்கு இரண்டு அப்பாக்கள். பார்போரா நிறைமாதமாக இருந்தபோது ராணி மூன்று அங்கமும் சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவேயில்லை. பாட்டெல்லாம் இத்தாலிய மொழியில். பாடுகிறவர்களுக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. அழ வேண்டிய இடம் எது என்பதை ஷிமோனின் மனைவி லுட்மிலா திரை ஓரத்தில் நின்று கைக்குட்டையை அசைத்துக் காட்டுவாள்.

ஷிமோனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தான் எழுதிய ஒரு ஓபராவை, வேறு வேலை எதுவும் இல்லாத இசைக்காரர்கள், முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் கேட்க வேண்டும். டுபிச்சேயில் அது நடந்ததில்லை. நடுவில் குதிரை கனைத்தால் யாகுப் கொம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடுவான். விருந்தாளி யாராவது தண்ணீர் கேட்டால் முதல் வயலின் காணாமல் போய்விடும். பிராக் நகரத்து நாடகக் கொட்டகையில் அப்படியெல்லாம் கிடையாதாம். ஆனால் பிரபு கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அவருடைய நிலத்தை விட்டு ஒருவரும் வெளியே போக முடியாது. ஷிமோன் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். பிரபு நுரை பூசிய முகத்தோடு, "உன்னை மாதிரி சவரம் பண்ற ஆளைக் கொண்டாந்து நிறுத்திட்டுப் போடா" என்பார்.

பதினோராவது ஓபராவின்போதுதான் வழி பிறந்தது. பிராக் கொட்டகையை நடத்திவந்த ரவேனி என்ற இத்தாலியர், நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்கு டுபிச்சேக்கு விருந்தாளியாக வருவதாக இருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று காலை பிரபு நல்ல மனநிலையில் இருந்தார். அந்த மனிதர் தன் வாயால் உன்னைக் கேட்டால் சீட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். வாத்துக்கறி நினைப்பில் சொன்னது என்று பிற்பாடு லுட்மிலா சொன்னாள்.

வாத்தில்தான் சிக்கல் இருந்தது. மார்ட்டின் திருநாள் என்றால் வாத்து வறுவலும் முட்டைக்கோஸும் மாவு உருண்டையும் இல்லாமல் முடியாது. அந்த வருஷத்துச் சமையற்காரன் இக்னாட்ஸ். அவனை வேலைக்கு எடுத்தது ஷிமோன். முறைப்படி ஷிமோன் வாத்தியப் பரீட்சை வைக்க வேண்டும், பிறகு காரியஸ்தர் வேலைப் பரீட்சை வைக்க வேண்டும். அன்றைக்குக் காரியஸ்தர் ஊரில் இல்லை. இக்னாட்ஸ் தன் பாசூனை, ஆள் மார்பு உயரம் நிற்கும் அந்த மரக்குழலை, உதட்டில் வைத்து ஒரே ஒரு நீண்ட சுரம் எடுத்தான். ஷிமோனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பரீட்சையிலும் தேறிவிட்டான் என்று அவரே எழுதிக் கொடுத்தார். அவனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று மறுநாள் பிரபு கேட்டதற்கு, "மூச்சு ரொம்ப நல்லா நிக்குதுங்க எஜமான்" என்று பதில் சொன்னார்.

சமையல் நிற்கவில்லை. எட்டு மாதமாக மாளிகையில் எல்லோருக்கும் வயிறு சரியில்லை.

இது தெரிந்திருந்தும் ஷிமோன் பதினோராவது ஓபராவில் மொத்தப் பாரத்தையும் பாசூன் மேல் தூக்கி வைத்திருந்தார். தீவில் தனியாக விடப்பட்ட ராணி பாடுவாள், துணைக்குப் பாசூன் மட்டும் வரும். அந்தப் பாட்டின் நடுவே நாற்பது தாளக்கட்டு பாசூன் வாசிக்காமல் சும்மா இருக்கும்படி எழுதியிருந்தார். அதற்குள் இக்னாட்ஸ் கொல்லைப்படி வழியாக இறங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்கான பிளம் பணியாரத்தை அடுப்பிலிருந்து எடுத்துவைத்துவிட்டுத் திரும்பிவர வேண்டும். இரண்டு முறை ஓடவிட்டு நேரம் பார்த்திருந்தார்கள்.

திருநாள் பந்தியில் வாத்து வந்தது. வெளியே கரி, உள்ளே ரத்தம். ரவேனி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, மரியாதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் மென்றார். பிரபு நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ஷிமோனிடம் திரும்பாமலே சொன்னார்:

"அந்தப் படுபாவி இப்பவே மூட்டையைக் கட்டட்டும்."

"நாடகம் முடிஞ்சதும் கட்டிடட்டுங்க எஜமான். இப்ப அவன் போனா ராணி தனியா நிப்பா."

"தீவுல தனியாத்தானேடா நிக்கிறா?"

"பாசூனோட தனியா நிக்கிறா எஜமான்."

பிரபு பல்லைக் கடித்துக்கொண்டார். வாத்து பல்லில் மாட்டியிருந்ததும் ஒரு காரணம்.

நாலு மணிக்கு ஓபரா ஆரம்பித்தது. யாகுப் இரண்டு முறைதான் லாயத்துக்குப் போனான். ராணியின் பாட்டு வந்தது. இக்னாட்ஸ் வாசித்த வாசிப்பில் பந்தியில் பட்ட பாடெல்லாம் மறந்து ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பாசூன் நின்றது. பார்போரா ஒருத்தியின் குரல் மட்டும் அந்தக் கூடத்தில் நடந்தது. படியில் ஓடும் காலடி லேசாகக் கேட்டது. நாற்பதாவது தாளக்கட்டு முடிகிற நேரத்தில் பாசூன் திரும்பி வந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. ரவேனி கைக்குட்டையை எடுத்தார். லுட்மிலா இன்னும் தன்னுடையதை அசைக்கவேயில்லை.

ராணியின் துணையைப் பறித்து அவளை அந்த மௌனத்தில் நிறுத்தினாரே, அப்படி ஒரு துணிச்சலை இத்தாலியில்கூடத் தான் பார்த்ததில்லை என்று ரவேனி பிரபுவிடம் சொன்னார். அந்த விம்மும் மூச்சோடு பாசூன் திரும்பி வந்தது தன்னை உலுக்கிவிட்டது என்றார். ஷிமோன் தலைகுனிந்து நின்றார். பிளம் பணியாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ரவேனி தன் கொட்டகைக்கு அந்த ஓபராவைக் கேட்டார், எழுதியவரைக் கேட்டார், பாசூன்காரனையும் கேட்டார்.

இக்னாட்ஸுக்குச் சீட்டு அன்றே கிடைத்தது. பிரபு அவ்வளவு வேகமாகக் கையெழுத்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஷிமோனுக்கு வரும்போது மட்டும் பேச்சு மாறியது. தருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான், எப்போது தருகிறேன் என்று சொல்லவில்லையே என்றார். ரவேனி, தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் கொண்டாட்டத்துக்குள் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஓபரா பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அன்று வீட்டில் லுட்மிலா வழி சொன்னாள்.

"ஏங்க, ஒரே ஒரு கீறல். மருவுக்குப் பக்கத்துல. அவரே உங்களைத் துரத்தி விட்டுடுவாரு."

"அது எப்படி லுட்மிலா, தெரிஞ்சே?"

"கத்தியைக் கொஞ்சம் சாய்ச்சா தானா ஆகும். ஊர்ல மூணு பேரு சுலபமாப் பண்ணிட்டாங்க, உங்களால முடியாதா?"

காலையில் ஷிமோன் அந்தத் தீர்மானத்தோடுதான் போனார். நுரை பூசினார். வலது கன்னம் முடிந்தது. மரு வந்தது. கத்தியைச் சாய்க்கப் பார்த்தார். கை அதுபாட்டுக்கு மருவைச் சுற்றி வளைந்து, பூவின் மேல் தூசு தட்டுகிற மாதிரி போய் முடித்துவிட்டது. இன்னொரு முறை முயன்றார், சிரைக்க அங்கே முடி மிச்சமில்லை. பிரபு கன்னத்தைத் தடவிப் பார்த்து, இருபது வருஷத்தில் இதுதான் ஆக நல்ல சவரம் என்றார்.

ஷிமோன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். அதைப் பிரபுவின் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார்.

"நாளைலேருந்து நான் சவரம் பண்ணலைங்க எஜமான்."

பிரபு முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பிறகு ஷிமோனை லாயத்தில் குதிரை லத்தி அள்ள அனுப்பினார். ஷிமோன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். யாகுப் அவருக்குச் சின்ன மண்வெட்டியாகப் பார்த்துக் கொடுத்தான். பாட்டு வாத்தியாருக்குப் பழக்கமில்லாத வேலை, கைக்குக் கெடுதல் வரக்கூடாது என்றான். பன்னிரண்டாவது ஓபராவில் தனக்குக் கொம்பு உண்டா என்றும் கேட்டுக்கொண்டான்.

மாளிகையில் முதல் நாள் பந்தி பரிமாறுகிறவன் சவரம் செய்தான். அவன் இப்போது தோட்டத்தில் இருக்கிறான். இரண்டாம் நாள் பக்கத்து ஊர் நாவிதரை வண்டி வைத்து அழைத்துவந்தார்கள். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அந்த முகத்தை முன்பின் பார்த்தவரில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரபு கோயிலுக்கு வந்தபோது முகத்தில் ஆறு வெட்டுக்காயத்தின் மேல் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. பாதிரியார் பிரசங்கத்தில் வேதத்துக்காக உயிர்விட்ட ரத்தசாட்சிகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டு, முன்வரிசையைப் பார்த்ததும் பாதியில் வேறு விஷயத்துக்குத் தாவினார். அதற்கப்புறம் பிரபு யாரையும் கிட்டே விடவில்லை. தாடி முளைத்தது. நரைத்த தாடி, அதுவும் திட்டுத்திட்டாக. வெள்ளிக்கிழமை ஆயர், அந்த வட்டாரத்துப் பாதிரியார்களுக்கெல்லாம் தலைவர், மாளிகைக்கு வருவதாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பிரபு தானே லாயத்துக்கு வந்தார். வைக்கோலில் கால் வைத்து நின்றுகொண்டு, கொஞ்சநேரம் குதிரைகளைப் பார்த்தார்.

"என்னடா, குதிரைங்க எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியமா இருக்குங்க எஜமான். சவரம் கேக்கறதில்லை."

யாகுப் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான்.

"பிராக்ல அப்படி என்னதான்டா இருக்கு? இங்க உனக்கு நான் கொம்பு குடுத்தேன், வயலின் குடுத்தேன், ராணிக்குப் பட்டுப்பாவாடை குடுத்தேன். பத்தலியா?"

ஷிமோன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். யோசித்துத்தான் பேசினார்.

"நீங்க குடுத்ததாலதாங்க ஆசையே வந்துச்சு. அங்க பாசூன் வாசிக்கிறவனுக்கு அடுப்பு கிடையாது. கொம்பு ஊதறவனுக்குக் குதிரை கிடையாது. ஆரம்பிச்சா முடியற வரைக்கும் உக்காந்து வாசிப்பாங்களாம். ஒரே ஒரு தடவை அதைக் காதால கேட்டுடணும் எஜமான். எனக்கு முப்பத்தொன்பது ஆச்சு."

பிரபு தாடியைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார்.

மாலையில் சீட்டு வந்தது. பிரபு தன் கையாலேயே எழுதியிருந்தார், கோணல்மாணலான எழுத்து அதற்குச் சாட்சி. ஷிமோன் குபாட் என்பவன் ஒரு வருஷத்துக்கு பிராக் நகரத்தில் தங்கி இசைத்தொழில் செய்யலாம், தினம் இருபத்துமூன்று மணி நேரம் அவன் சுதந்திரமானவன் என்று அதில் இருந்தது. லுட்மிலா இரண்டு முறை வாசித்தாள்.

"மீதி ஒரு மணி நேரம்?"

"அவரும் வராராம். குளிர்காலம் முழுக்க பிராக்லதான் இருக்கப்போறாராம். வீடு பாக்கச் சொல்லியாச்சு, கொட்டகைக்கு ரெண்டு தெரு தள்ளி."

"அங்க நாம தங்கப்போற வீட்டுக்கு எத்தனை தெரு?"

"எதிர்த்த வீடு."

லுட்மிலா பெட்டியை இறக்கினாள். வெள்ளிக்கிழமை ஆயர் வந்தபோது பிரபுவின் முகம் தட்டு மாதிரி பளபளத்தது.

ஜனவரி மாதத்தில் முதல் ஒத்திகை நடந்தது. ஷிமோன் காலையில் எதிர்வீட்டு வேலையை முடித்துவிட்டு, சோப்பு வாசனையோடு கொட்டகைக்குள் போனார். இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இக்னாட்ஸ் கையில் பாசூன் இருந்தது. எட்டு வாரமாக அவன் எதையும் சமைக்கவில்லை, அதனால் எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஷிமோன் பியானோ மாதிரி இருக்கும் ஹார்ப்சிகார்டுக்கு முன் உட்கார்ந்து கையைத் தூக்கினார். ஆரம்பித்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. முதல் அங்கம் முடிந்தது, யாரும் போகவில்லை. அவர் பழக்கதோஷத்தில் இரண்டு முறை கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கடைசிச் சுரம்வரை எல்லோரும் வாசித்து முடித்து, வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இடத்துக்கு அவர் வந்ததே கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை, மொதல்லேருந்து" என்றார். வேறு வேலை இல்லாதவர்கள் என்பதால் அவர்களும் வாசித்தார்கள்.