தூசி ஆடிக்கொண்டிருந்தது

வாயுக்களைப் பற்றிய பாடம் வரும் நாளில், எங்கள் பாடசாலையின் ஒரே நுணுக்குக்காட்டியை அலமாரியிலிருந்து இறக்குவேன். சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதுபத்திப் புகையைப் பிடித்து மூடி, பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சி, மேலிருந்து பார்க்கச் சொல்வேன். இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒன்றுகூட ஓரிடத்தில் நிற்காது, துடித்துக்கொண்டே இருக்கும்.

"யாரு டீச்சர் உள்ளுக்கு ஊதுறது?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும்.

யாரும் ஊதவில்லை என்பேன். வாயு மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிப் புகைத் துகளை முட்டித் தள்ளுகின்றன. அவற்றை நாம் பார்ப்பதில்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் அவற்றின் ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகள் அதைக் கண்டிப்பு என்று நினைக்கின்றன. இருக்கிற மரியாதையைக் கெடுப்பானேன் என்று நானும் திருத்துவதில்லை.

இந்தப் பரிசோதனையை நான் முதலில் செய்தது பத்து வயதில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில். தப்பாகத்தான் செய்தேன்.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற பக்கம் வேலை பார்த்தவர். நெஞ்சு கெட்டுப்போய், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. அதைப் பக்கத்துக் காம்பரா அத்தையிடம் சொல்லும்போது நான் கேட்டேன். "போறப்ப கையைப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல இருந்தாப் போதும்க்கா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆனால் விடிந்தால் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்தால்தான் அடுப்பு எரியும். ஆகவே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் காவலுக்கு வைத்தாள். மூக்குக்கிட்ட அடிக்கடி கையை வைத்துப் பார்க்க வேண்டும், மூச்சு மாறினால் மலைக்கு ஓடி வர வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

முதல் நாளே அப்பா முறைப்பாடு செய்தார். "கையா இது? ஐஸ்பழம் மாதிரி இருக்கு. எடு புள்ள."

அதற்குப் பிறகுதான் கூரை உதவிக்கு வந்தது. எங்கள் தகரத்தில் ஆணி ஓட்டைகளுக்குக் குறைவில்லை. பனிமூட்டம் விலகிய காலையில் ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் கம்பி போல வெளிச்சம் இறங்கும். ஒரு கம்பி அப்பாவின் முகத்தை விட்டு நகர்ந்தால் இன்னொன்று வந்து சேரும். அடுப்பில் தேயிலை மிலாறுச் சுள்ளி எரிந்த புகையும் தூசியும் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். அப்பா மூச்சு விட்டால் சிதறி ஓடும், இழுத்தால் திரும்பி வரும். தொடத் தேவையில்லை, உட்கார்ந்து பார்த்தால் போதும். என்னைவிடக் கெட்டிக்காரி தோட்டத்திலேயே இல்லை என்று முடிவு செய்தேன்.

அப்பாவுக்கும் அது பிடித்துப்போனது. நான் உற்றுப் பார்க்கும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவார். "இருக்கேன், இருக்கேன். பயப்படாத. எனக்குள்ள போனது போக மிச்சந்தான் இந்தத் தூசி."

அம்மாவும் என் முறையை ஏற்றுக்கொண்டாள். "ஆட்டம் நின்னா ஓடி வந்துரு, என்ன?" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையை எடுப்பாள்.

அன்று நல்ல வெயில். அப்பா ஒருமுறை நீளமாக மூச்சு விட்டார். தூசியெல்லாம் சிதறி ஓடியது. பிறகு மெல்லத் திரும்பி வந்து ஆடத் தொடங்கியது. வழக்கத்தைவிட அமைதியான ஆட்டம். அப்பாவுக்கு அசதி தீர்ந்து நல்ல தூக்கம் வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பளியைக்கூடச் சரி செய்யவில்லை, எழுப்பிவிடுவேனோ என்று.

மலைக்குத் தேத்தண்ணி தூக்கிப்போகும் தாத்தா வாசலில் நின்றார். "அம்மா கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. வேலைய விட்டுட்டு வரவான்னு. மனசு சரியில்லையாம்."

"வேணாம் தாத்தா. அப்பா நல்லா தூங்குறாரு. தூசி ஆடுது. வேலைய முடிச்சிட்டே வரச் சொல்லுங்க."

இப்போது யாராவது லயத்து வெளிச்சத் தூசியும் நுணுக்குக்காட்டிப் புகையும் ஒன்றென்று பரீட்சையில் எழுதினால் புள்ளியைக் குறைப்பேன். தூசியை அசைக்க அடுப்புச் சூடும் கதவிடுக்குக் காற்றும் போதும். புகைத் துகளை உலுக்குவது மூலக்கூறுகளின் மோதல். வேறு வேறு விஷயங்கள். ஆனால் ஒன்றை மட்டும் இரண்டும் சேர்ந்தே சொல்கின்றன. காற்று அசைந்துகொண்டிருக்க எந்த மனிதரும் உயிரோடு இருக்கத் தேவையில்லை.

பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்த பிறகு அம்மா வந்தாள். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்தாள். பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பப் புள்ள கடைசியா ஊதுனாரு?"

"தேத்தண்ணித் தாத்தா வர்றதுக்கு முன்னுக்கு. ஆனா மூச்சு இருக்கும்மா. ஆடுது, பாருங்க."

அம்மா அவர் முகத்துக்கு நேரே குனிந்து விம்மினாள். வெளிச்சத்தில் தூசி தாறுமாறாகப் பறந்தது. என் கணக்கெல்லாம் கலைந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"அம்மா, நீங்க அழுதா கலையுது. கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருங்க. நான் பாத்துச் சொல்றேன்."

அம்மா என்னைத் திட்டவில்லை. வாயை முந்தானையால் பொத்தி மூச்சை அடக்கிக்கொண்டு, என்னோடு சேர்ந்து அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். தூசி மெல்ல அடங்கி, பிறகு தன்பாட்டில் ஆடியது.

"பாத்தீங்களா?" என்றேன்.

நான் சொன்னதுதான் சரியென்று ஆகிவிட்டதே, பிறகும் ஏன் அம்மா அவ்வளவு நேரம் மூச்சை விடாமலே இருந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை.