சகலன் ஒப்புக்கொண்ட பிழை

மருதனார்மடச் சந்தியில் என் பழைய கார் சகலனின் புதுக் காரில் இடித்தது. அவர் என் மனைவியின் தங்கை கணவர். மலாயாவிலிருந்து பென்சனோடு வந்து அந்தக் காரை வாங்கியவர். வாங்கிய நாள்முதல் எங்கள் வீட்டில் அவர் பெருமையைத் தவிர வேறு பேச்சில்லை.

கார் இடித்ததும் நான் உடனே கயிறு பிடித்து வீதியை அளந்தேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கரான எனக்கு முறை தெரியாதா? காப்புறுதிப் பத்திரப்படி, பிழையை ஒப்புக்கொள்பவருக்குக் கம்பனி கையை விரித்துவிடும். எனவே பிழை அவருடையதென்று எழுத்தில் நிற்கவேண்டும்.

"உம்மிலை பிழையில்லையெண்டு பிள்ளையார் கோவிலிலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ண வருவீரோ?" என்று கேட்டேன்.

"அதுக்கேன் அண்ணை கற்பூரம்? பிழை என்ரைதான். எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

பார்த்துநின்ற வண்டில்காரர், "மனிசன் எண்டால் உவர்தான்" என்றார்.

மூன்று பிரதி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சகலன் தன் செலவில் என் காரைத் திருத்தித் தந்தார். "என்ன பெரிய மனசு அவருக்கு" என்று மனைவி ஒரு மாதம் சொன்னாள்.

உண்மையில், அந்தக் காரின் பளபளப்பைப் பார்த்தபடி பிறேக்கை மிதிக்க மறந்தவன் நான். அந்தப் பிழையைக்கூட எனக்கென்று அவர் விட்டுவைக்கவில்லை.