இரண்டாவது சேனை

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளைக்குக் கோபம் வந்தால், எதற்குக் கோபம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "யாரு இவளுக்குச் சேனை வச்சது?" என்றுதான் கேட்பார்கள்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணீருக்குத்தான் எங்கள் பக்கம் சேனை என்று பெயர். யார் விரலால் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் அப்படியே பிள்ளைக்கு வந்துவிடுமாம். தாய்ப்பாலைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அந்த எழுத்துக்குக் கீழேயே நின்று காரியத்தை முடித்துவிடுவார்கள்.

போன மாதம் என் தம்பிக்கு மகள் பிறந்தாள். வராந்தாவில் வழக்கம்போல யார் சேனை வைப்பது என்று பேச்சு நடந்தது. கூடியிருந்தவர்களின் குணத்தை ஒவ்வொன்றாக அலசினார்கள். பேச்சு எனக்கு இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது, என்னைத் தொடவே இல்லை. நான் வக்கீல். கோர்ட்டில் மற்றவர்களுக்காகக் கோபப்பட்டுப் பிழைக்கிறவள். குடும்பத்தில் யாருக்கு வில்லங்கம் வந்தாலும் என் கோபம் வேண்டும். ஆனால் அது பச்சைப்பிள்ளை நாக்கில் பட்டுவிடக் கூடாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்றவள் தூங்குகிறாளே என்று வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அப்போது நினைவுக்கு வந்ததுதான் எனக்கு ஒன்பது வயதில் நடந்த இந்தக் கதை.

எனக்குச் சேனை வைத்திருக்க வேண்டியவர் பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார், குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவர் படிப்பு எனக்கு வர வேண்டும் என்று எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் வந்த பஸ் வழியில் நின்றுபோனது. நான் வீறிட்டு அழுதேன். துணைக்கு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, "பிள்ளை தொண்டை வறண்டு கத்துது, இவுகளுக்கு நாள் நட்சத்திரமா?" என்று கிண்ணத்தில் விரலை விட்டு என் நாக்கில் வைத்துவிட்டாள்.

அத்தை புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். திரும்பிப் போக மாட்டேன் என்றவள். சமாதானம் பேச வந்த பெரிய மனிதர்களை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டவள். அலங்காநல்லூரில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். அவள் விரல் என் நாக்கில் பட்டதிலிருந்து என் தலையெழுத்து தெளிவாகிவிட்டது. நான் நல்ல மார்க் வாங்கினால் அது பெரியப்பாவின் ரத்தம். கையெழுத்து அப்பாவுடையது. முடி அம்மா வழி. எதிர்த்துப் பேசினால் மட்டும் அத்தை வைத்த சேனை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு தும்மல்கூட மிச்சமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடும்பத்திலேயே பெரிய கோபக்காரர் சித்தப்பா. அப்பாவுக்கு இளையவர். அவர் கோபத்துக்கு யாரும் சேனை தேடவில்லை. "அது எங்க அய்யா ரத்தம்" என்று சொல்லும்போது பெரியப்பாவுக்கே மீசை நிமிரும். தாத்தா கோபப்பட்டால் சோற்றுத்தட்டு வாசல் வரைக்கும் பறக்குமாம். அதை விசேஷ வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தட்டைப் பொறுக்கியது யார், சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளியது யார் என்று அந்தக் கதையில் வராது. ஆணுக்கு வந்தால் பரம்பரை, பெண்ணுக்கு வந்தால் கோளாறு. இதுதான் எங்கள் வீட்டு விலங்கியல்.

சித்தப்பா மகனுக்கு அழகர்கோவிலில் முடியெடுத்துக் காதுகுத்தினார்கள். மதுரை கே.கே. நகரிலிருந்து ஒரு வேனில் போனோம். அத்தையை அழைக்கவில்லை. அழைத்தால் ஏதாவது பேசுவாள் என்று பயம். மரத்தடியில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை மொட்டைத் தலையோடு தாய்மாமன் மடியில் கத்திக்கொண்டிருந்தான். தலையில் பூச சந்தனத்தைத் தேடினார்கள். இல்லை. சித்தி அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அழகர்கோவில் வாசலில் சந்தனத்துக்கா பஞ்சம்? யாரோ போய் வாங்கி வந்து பூசிவிட்டார்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா என்னை வேனிலிருந்து வாளி எடுத்துவரச் சொன்னாள். வேனுக்குப் பின்பக்கம் போனபோது சித்தப்பா குரல் கேட்டது. "ஓங்கண்ணன் முன்னாடி என்னைய அசிங்கப்படுத்தணும்னுதானே மறந்த?" சித்தி ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் அறைந்தார். அவள் தலை வேனில் இடித்தது. அழவில்லை, கத்தவில்லை. அவிழ்ந்த பூவை எடுத்து மறுபடி தலையில் சொருகிக்கொண்டாள். அவர் இரண்டாவது முறை கையை ஓங்கினார்.

ஓங்கிய கையில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் என் பல் இறங்கியிருந்தது. அவர் உதறினார், நான் விடவில்லை. அவர் போட்ட சத்தத்தில் மரத்தடிக்கூட்டம் மொத்தமும் ஓடி வந்தது. அம்மா என் தாடையைப் பிடித்துத் திறந்து என்னைப் பிரித்தெடுத்தாள். சித்தப்பா கையில் ரத்தம் வந்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் "ஐயையோ" என்றார்கள். சித்தியின் கன்னம் அவர்களுக்கு எதிரே, வெயிலில், விரல் விரலாகச் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"சித்தப்பா சித்திய அடிச்சாரு" என்றேன்.

"நாய் மாதிரி கடிச்சுப்புட்டு பேச்சு வேறயா?" என்றார் அப்பா.

"அவருதான் மொதல்ல அடிச்சாரு!"

அம்மா என் வாயைப் பொத்தினாள். "அது பெரியவங்க விசயம். அடிக்கிற கைதான் அணைக்கும். ஒனக்கென்ன?" என்றாள். அணைத்ததை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்கு ஊசி போட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, வேன் ஏறினோம். திரும்பி வரும் வழி முழுக்க விசாரணை நடந்தது. குற்றம் என்ன என்பது அல்ல விசாரணை. குற்றம் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

பெரியப்பா முதலில் விஞ்ஞானம் பேசினார். "எல்லாம் ஜீன்தான். வெதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா மொளைக்கும்? தாய் வழில யாருக்கும் இப்பிடி இருக்கா?" என்று அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுல ஒருத்தரும் அதிர்ந்து பேச மாட்டாக."

"அப்ப வளப்பு சரியில்ல" என்றார் சித்தப்பா, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "பொம்பளப் பிள்ளைக்கு எம்புட்டு எடங்குடுத்து வச்சிருக்கீங்க. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

ரத்தம் என்றாலும் அம்மா மாட்டிக்கொள்கிறாள், வளர்ப்பு என்றாலும் அம்மாதான் மாட்டிக்கொள்கிறாள். அவள் தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. "ரத்தமும் இல்ல, வளப்பும் இல்ல" என்றாள். "அன்னிக்கு பஸ்ஸு நேரத்துக்கு வந்திருந்தா எம்பிள்ளைக்கு இந்தக் கதி இல்ல. அவ வச்ச சேனை."

வேனில் எல்லாருக்கும் மூச்சு சீரானது. அத்தை அங்கே இல்லை. இல்லாதவள் தலையில் கட்டினால் இருக்கிறவர்கள் யாருக்கும் வலிக்காது. கண்ணால் பார்த்தவள் நான், இன்ஜின் சூட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடிவாங்கியவள் கடைசி சீட்டில் மொட்டைப்பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தீர்ப்பு அலங்காநல்லூரில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இன்றைக்கும் கோர்ட்டில் சம்பந்தமில்லாத ஒருவன் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு அந்த வேனின் டீசல் வாடை வருகிறது.

தீர்ப்பின் முதல் பகுதி, இனி லீவுக்கு நான் அத்தை வீட்டுக்குப் போகக் கூடாது. நான் அழுதேன். வருஷம் முழுக்க அந்த லீவுக்காகத்தான் நான் இருந்தேன். அத்தை வீட்டில் மட்டும்தான் நான் பேசப் பேச ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் பகுதியை அம்மா சொன்னாள். "சேனைய மறுபடியும் வச்சுருவோம். நல்ல குணமா உள்ள ஒருத்தர் கையால."

ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சேனை வைத்ததாக மதுரை ஜில்லாவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். விலங்கியல் வாத்தியாராவது சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். யோசித்துவிட்டு, ஜீனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நம்ம சின்னவதான் வைக்கணும். பொறுமைன்னா அவதான். அடிச்சாக்கூட ஏன்னு கேக்க மாட்டா."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்பா ஆமாம் என்றார். சித்தப்பாகூடத் தலையாட்டினார், கொஞ்சம் பெருமையாகவே. சின்னவள் என்று அவர்கள் சொன்னது சித்தியைத்தான். அவள் பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தவில்லை. வைப்பாயா என்று அவளிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை.

அடித்தவனைக் கடித்தவளைத் திருத்த, அடிவாங்கியவளைக் கூப்பிட்டார்கள். படித்தவர்கள், பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் சம்பளம் வாங்கியவர்கள், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மீடியம் தேடியவர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் என்னைக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, சாமி அலமாரிக்கு முன்னால் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்கள். அம்மா வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தாள். சித்தி வந்து என் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். கன்னத்துச் சிவப்பு மஞ்சளுக்குள் மறைந்திருந்தது, உதட்டோரம் மட்டும் வீங்கியிருந்தது. எனக்குச் சித்தியின் மேல் கொள்ளை ஆசை உண்டு. வேனில் ஒரு தடவைகூட அவள் என் பக்கம் பார்க்கவில்லையே என்று ஏங்கிப் போயிருந்தேன். அத்தை போனாள், இனிச் சித்தியாவது எனக்கு வேண்டும். அவள் கை என் வாயில் பட்டால் அவளுக்கு என்மேல் வருத்தமில்லை என்று அர்த்தம். அப்படித்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"அவளை மாதிரி அடக்கமா வரணும்னு சாமிய நெனச்சுக்க" என்றாள் அம்மா.

சித்தி மோதிர விரலைக் கிண்ணத்தில் நனைத்தாள். பெரியவர்கள் எல்லாரும் சாமியைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மூடவில்லை. சித்தி அந்த விரலை மடியில் கிடந்த முந்தானையில் அழுத்தித் துடைத்தாள், ஒரு முறைக்கு இரு முறை. பிறகு உலர்ந்த விரலைக் கொண்டுவந்து, நீட்டிக்கொண்டிருந்த என் நாக்குக்கு மேலே, படாமல் நிறுத்தினாள். நான் எக்கினேன். அவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இனிக்குதா தாயி?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அவள் கண் என் கண்ணைவிட்டு நகரவில்லை. அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னால் நான் சித்தியிடம் பார்த்ததே இல்லை. பயந்துபோய்த் தலையாட்டினேன்.

"நல்லது, நல்லது" என்றார் பெரியப்பா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த சர்க்கரைத் தண்ணீரை என் தம்பி எடுத்துக் குடித்துவிட்டான்.

நான் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காகக் கடித்தேன், அவளுக்காக அத்தை வீட்டையும் இழந்தேன், அவளுக்கோ ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நாய்க்குப் போடுகிற மாதிரிகூடப் போடவில்லை. எச்சில் பட்டுவிடும் என்று விரலை இழுத்துக்கொண்டாள். சித்திக்கு என்னைப் பிடிக்காது என்று முடிவு செய்தேன். அதன் பிறகு பல வருஷம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றபோதுதான் எனக்கு அது புரிந்தது. தன்னிடம் இருப்பதாக எல்லாரும் புகழ்ந்த அந்தப் பொறுமை என் நாக்கில் ஒரு சொட்டுக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். அத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவர்கள் நடுவில் உட்கார்ந்து, முந்தானையில் அதைத் துடைத்துப் போட்டிருக்கிறாள். அந்த வீட்டில் சித்தி பட்ட ஒரே கோபம் அதுதான். அது என்மேல் பட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டு, நான் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.